பதினான்கு இதழ்களைப் பிரித்துக் கட்டியது

போன அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாழைப்பழ அட்டைப்பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுப் பெரியவர் வாசலில் வந்து நின்றார். நாங்கள் இருப்பது இங்கிலாந்தின் வடக்கே, வருஷத்தில் பாதி நாள் சுவர் வியர்க்கும் ஒரு சிற்றூர். பின்பக்கக் கொட்டகையில் நான் பழைய புத்தகங்களைப் பிரித்துத் தைப்பது அவருக்குத் தெரியும். அவர் வீட்டுச் சமையல் புத்தகத்துக்கு நான்தான் முதுகு மாற்றிக் கொடுத்தேன். இந்தத் தடவை பெட்டிக்குள் இருந்தது வேறு சரக்கு. பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் அவரும் நண்பர்களும் நடத்திய மேசை விளையாட்டுக் கழகத்தின் பத்திரிகை. 1978 முதல் 1981 வரை வந்த பதினான்கு இதழ்கள், நாற்பது வருஷத்துக்கு மேல் கார் கொட்டகையில் கிடந்தவை. ஏப்ரலில் பழைய கூட்டாளிகள் ஏழெட்டுப் பேர் கூடுகிறார்களாம். ஆளுக்கொரு பிரதி கொடுக்க வேண்டும், அதற்குள் இவற்றைத் தொட்டால் உதிராத நிலைக்குக் கொண்டுவர முடியுமா என்று கேட்டார். முடியும் என்று சொல்லிவிட்டு அப்புறம்தான் பெட்டியைத் திறந்து பார்த்தேன்.

இந்த விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஐந்தாறு பேர் மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் வாள்வீரன், மந்திரவாதி, திருடன் என்று ஆளுக்கொரு வேஷம் ஏற்று அந்தக் கதைக்குள் நடப்பார்கள். கதவு உடைந்ததா, பூதம் செத்ததா என்பதைப் பகடை சொல்லும். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்றால் பலருக்கும் தெரிந்திருக்கும். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் எழுதி, அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவாவில் இருந்து டிஎஸ்ஆர் என்ற குட்டி நிறுவனம் 1974-இல் வெளியிட்டது. முதல் அச்சு 1000 பெட்டிகள், பெட்டிக்கு மூன்று மெல்லிய புத்தகங்கள்.

அது இங்கிலாந்துக்குள் வந்ததே ஒரு செய்திமடலைப் பிடித்துக்கொண்டுதான். 1975-இல் இயன் லிவிங்ஸ்டன், ஸ்டீவ் ஜாக்சன், ஜான் பீக் என்ற மூன்று நண்பர்கள் லண்டனில் தாங்கள் குடியிருந்த வீட்டிலேயே கேம்ஸ் வொர்க்‌ஷாப் என்ற விளையாட்டுப் பொருள் தொழிலைத் தொடங்கினார்கள். கூடவே ஆவுல் அண்ட் வீசல் என்று ஒரு செய்திமடல். அதன் பிரதி ஒன்று கடல் தாண்டி டிஎஸ்ஆர்காரர்கள் கைக்குப் போக, அங்கிருந்து விளையாட்டுப் பெட்டி இங்கே வந்தது. இவர்கள் ஆர்டர் செய்தது வெறும் ஆறு பெட்டி. அந்த ஆறு பெட்டியை வைத்தே ஐரோப்பா முழுவதற்கும் மூன்று வருஷ விற்பனை உரிமையை வாங்கிவிட்டார்கள். செய்திமடல் 25 இதழ்களோடு நின்று, 1977-இல் ஒயிட் டுவார்ஃப் என்ற ஒழுங்கான பத்திரிகை ஆனது.

முதல் விதிப்புத்தகங்கள் ஏகப்பட்ட ஓட்டை உடைசல்களோடு வந்தவை. யார் முதலில் அடிப்பது, மந்திரம் எத்தனை தடவை பலிக்கும் என்று ஒவ்வொரு மேசையும் ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டது. அந்தத் தீர்ப்புகள் ஊர் விட்டு ஊர் போன வண்டிதான் இந்தச் சிறு பத்திரிகைகள். லாஸ் ஏஞ்சலிஸில் லீ கோல்ட் 1975 ஜூனில் அலாரம்ஸ் அண்ட் எக்ஸ்கர்ஷன்ஸ் என்று ஒன்றைத் தொடங்கினார். ஆளாளுக்குத் தங்கள் பக்கங்களை எழுதி அனுப்ப, அவர் எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டித் திருப்பி அனுப்புவார். ஏறத்தாழ ஐம்பது வருஷம் ஓடியது. வாசகர்கள் எழுதி அனுப்பியவை விளையாட்டுக்குள்ளேயே ஏறி உட்கார்ந்துகொண்டதும் உண்டு. காட்டில் திரியும் ரேஞ்சர் என்ற பாத்திரம், டிஎஸ்ஆரின் ஸ்ட்ராட்டஜிக் ரிவ்யூ இரண்டாம் இதழுக்கு ஜோ ஃபிஷர் என்பவர் எழுதியது. இன்றைக்கும் எல்லோரும் ஆடும் கித்யாங்கி என்ற இனத்தை 1979-இல் ஒயிட் டுவார்ஃபுக்கு எழுதி அனுப்பிய சார்ல்ஸ் ஸ்ட்ராஸுக்கு அப்போது இருபது வயதுகூட ஆகவில்லை.

பெரியவரின் கழகப் பத்திரிகை இந்த வரிசையில் கடைசிப் பெஞ்சு. ஐம்பது அறுபது பிரதி அடித்திருப்பார்கள். நாலு ஊர்க் கழகங்களோடு பண்டமாற்று: உன் பத்திரிகையை அனுப்பு, என்னுடையதை அனுப்புகிறேன். மிஞ்சியது இந்த ஒரு செட்டுதான் என்றார்.

பெட்டியைப் பிரித்து எல்லா இதழ்களையும் சாப்பாட்டு மேசையில் பரப்பியதும் மூன்று ரகமாகப் பிரிந்தன. முதல் மூன்று இதழ்கள் ஊதா மையில். பள்ளிக்கூடங்களில் கேள்வித்தாள் அடித்த ஸ்பிரிட் டூப்ளிகேட்டர், இந்த ஊரில் பாண்டா என்பார்கள். நாலு முதல் பன்னிரண்டு வரை நம் ஆபீஸ்களில் சைக்ளோஸ்டைல் என்று சொன்ன அதே ஸ்டென்சில் வேலை. கடைசி இரண்டும் போட்டோகாப்பி, கழகத்தில் யாருக்கோ வேலை கிடைத்துவிட்டது போலிருக்கிறது. மூன்று ரகமும் மூன்று விதமான நிலையில் இருந்தன. ஊதா இதழ்கள் வெளுத்திருந்தன. ஸ்டென்சில் இதழ்களில் எழுத்து கன்னங்கரேலென்று இருக்க, காகிதம் மட்டும் பழுத்து ஓரம் நொறுங்கியது. போட்டோகாப்பியில் எழுத்துக்கும் தாளுக்கும் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை, அதனால் அவற்றைப் பற்றிப் பேசவும் ஒன்றும் இல்லை.

எல்லாவற்றுக்கும் பொதுவான வியாதி ஸ்டேப்ளர் பின். ஒரு காகிதத்தைக் கொல்ல ஈரமும் இரும்பும் போதும். ஒவ்வொரு பின்னைச் சுற்றியும் காசளவுக்குக் காவி நிறம் படர்ந்து, அந்த வட்டத்துக்குள் காகிதம் அப்பளம் மாதிரி ஆகியிருந்தது.

துருப்பிடித்த பின்னைக் கழற்ற, கடையில் விற்கும் பாம்புப்பல் கருவியைத் தொடவே கூடாது. அது பின்னோடு காகிதத்தையும் பிய்த்துக்கொண்டு வரும். நான் செய்தது இது. இதழைக் கவிழ்த்துப் போட்டு, மடங்கியிருக்கும் இரண்டு கால்களுக்கும் அடியில் மெல்லிய பாலியஸ்டர் தகட்டுத் துண்டைச் செருகினேன். காகிதத்துக்கு அதுதான் கவசம். அந்தத் தகட்டின் மேல், முனை மழுங்கிய சின்னக் கத்தியால் காலை மெதுவாக நிமிர்த்த வேண்டும். நல்ல பின் என்றால் நிமிரும். துருப்பிடித்தது பாதியில் முறியும், முறிந்தால் சந்தோஷம், வேலை மிச்சம். அப்புறம் இதழைத் திருப்பி, முன்பக்கத்தில் இருக்கும் பின்னின் முதுகை இடுக்கியால் பிடித்து, துளி துளியாக இடமும் வலமும் அசைத்தபடி மேலே இழுக்க வேண்டும். சில இடங்களில் துரு காகித நாரோடு ஒட்டிப்போயிருந்தது. அங்கே மட்டும் பின்னைச் சுற்றிப் பென்சில் முனை அளவுள்ள தூரிகையால் துருப்பொடியைத் தட்டித் தட்டி எடுத்த பிறகுதான் அசைந்தது. பதினான்கு இதழ், இதழுக்கு இரண்டு அல்லது மூன்று பின். மூன்று சனிக்கிழமைகள் போயின. கழற்றிய பின்களை ஒரு ஜாடியில் போட்டு வைத்திருந்தேன். மனைவி அதைக் கிராம்பு என்று நினைத்து எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வைத்தாள்.

அடுத்து ஸ்கேன். முதுகு பிரிந்து தனித்தனித் தாளாகக் கிடக்கும்போதே அதைச் செய்துவிடுவது உத்தமம். அங்குலத்துக்கு 400 புள்ளி, முழு வண்ணம், டிஃப் கோப்பு. டூப்ளிகேட்டர் காகிதம் மையை உறிஞ்சுவதற்காகவே பஞ்சு மாதிரி செய்யப்பட்டது. இரண்டு பக்கமும் அடித்தால் பின்பக்க எழுத்து முன்பக்கம் எட்டிப் பார்க்கும். தாளுக்குப் பின்னால் கறுப்பு அட்டை வைத்து ஸ்கேன் செய்தால் அந்த நிழல் பாதிக்கு மேல் அடங்குகிறது. வெள்ளை மூடியோடு எடுத்தால் ஆங்கிலமே தெலுங்கு மாதிரி தெரியும்.

இங்கேதான் என் முதல் புத்திசாலித்தனம். ஆறாம் இதழில் பக்கத்துக்குப் பக்கம் மைத்திட்டுகள் இருந்தன. சின்னக் கறுப்பு வட்டங்கள், வரிக்கு நாலைந்து. பூஞ்சையோ மைச் சிதறலோ என்று முடிவு கட்டி, கணினியில் புள்ளி நீக்கும் கருவியால் ஒவ்வொன்றாக அழிக்கத் தொடங்கினேன். இரண்டு பக்கம் முடித்திருப்பேன். அன்றைக்கு அம்மாவோடு வீடியோ அழைப்பு.

அம்மா திருநெல்வேலியில் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் முப்பது வருஷம் டைப்பிஸ்டாக இருந்தவர். திரையில் மேசையைப் பார்த்ததும், "ஏலே, இது ஸ்டென்சில்லா! இன்னும் யாரு கட் பண்ணுதா?" என்றார். பக்கத்தைக் கேமராவுக்குப் பக்கத்தில் பிடிக்கச் சொன்னார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஐந்து விநாடி பார்த்தார். "அழுக்கும் இல்ல ஒண்ணும் இல்ல. அது ஓ. அடிச்சவனுக்குக் கை கனம்."

பார்த்தால் அப்படித்தான். கறுப்பு வட்டம் ஒவ்வொன்றும் ஓர் ஆங்கில ஓ எழுத்து. ஸ்டென்சில் தாள் மெழுகு பூசிய மெல்லிய நார்த்தாள். டைப்ரைட்டரில் ரிப்பனை விலக்கிவிட்டு, வெறும் அச்சால் அதன் மேல் அடிப்பார்கள். அச்சு பட்ட இடத்தில் மெழுகு விலகி, மை கசிய வழி பிறக்கும். கொஞ்சம் ஓங்கி அடித்தால் ஓவின் நடுவயிறு வட்டமாக வெட்டுப்பட்டு விழுந்துவிடும். அந்த ஓட்டை வழியே மை கொட்டி, ஓ எழுத்து கறுப்புப் பொட்டாகிவிடும். அம்மா ஆபீஸில் புதிதாகச் சேரும் பெண்களுக்குச் சொல்லித் தரும் முதல் பாடமே அதுதானாம்: மற்ற எழுத்தை எப்படி வேண்டுமானாலும் அடி, ஓவையும் முற்றுப்புள்ளியையும் தட்டிக் கேட்கிற மாதிரி அடி.

அதோடு விடவில்லை. நாலாம் இதழில் இரண்டு பேர் மாறி மாறி அடித்திருக்கிறார்கள் என்றார். முதல் பாதியில் ஓ எல்லாம் திறந்திருக்கிறது, பின்பாதியில் அடைத்திருக்கிறது. எட்டாம் இதழின் நடுவில் இரண்டு வரி மட்டும் மங்கலாக, சற்றே மேலேறி நிற்பது ஏன் என்று கேட்டேன். தப்பாக அடித்ததை நகச்சாய வாசனை வரும் கரெக்‌ஷன் ஃப்ளூயிடால் அடைத்து, காய்ந்த பிறகு அதன் மேல் திரும்ப அடித்திருக்கிறார்கள். தாளை மறுபடி உருளையில் ஏற்றும்போது வரி அரை நூல் விலகிவிடும். பரீட்சைக் கேள்வித்தாள் ஓட்டி முடித்ததும் அந்த ஸ்டென்சிலைத் தலைமை ஆசிரியர் முன்னால் கொளுத்தச் சொல்வார்கள், கை முழுக்க மையோடு நின்று பார்ப்போம் என்று அம்மா ஒரு தனிக் கதைக்குள் போய்விட்டார். சைக்ளோஸ்டைல் என்ற பெயரே டேவிட் கெஸ்டெட்னர் கண்டுபிடித்த பேனாவுடையது என்று நான் என் பங்குக்குச் சொல்லிப் பார்த்தேன். ஹங்கேரியில் பிறந்து லண்டனில் தொழில் நடத்தியவர். முனையில் பல்சக்கரம் வைத்த அந்தப் பேனா மெழுகுத்தாளில் பொடி ஓட்டைகளாகப் போட்டுக்கொண்டே எழுதும். "இருக்கும்" என்றார் அம்மா, சுவாரசியமே இல்லாமல்.

அடுத்த நாள் பெரியவரிடம் கேட்டேன், ஆறாம் இதழை அடித்தது யார் என்று. ஏன் கேட்கிறாய் என்றார். கை கனம் என்றேன். சிரித்தார். அது அவர்தான். இன்றைக்கும் மடிக்கணினியில் அவர் மின்னஞ்சல் அடிப்பது என் வீட்டுச் சுவர் வரைக்கும் கேட்கும்.

அழித்த இரண்டு பக்கங்களையும் மறுபடி ஸ்கேன் செய்தேன். படத்தில் இருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் ஓசிஆர் மென்பொருள் இந்தப் பொட்டுகளால் திணறியது வேறு கதை. ஆர்க் என்ற அரக்கன் பெயரை அது ஒரு தடவைகூடச் சரியாகப் படிக்கவில்லை, கோல்டு என்ற தங்கமும் போச்சு. தேடுவதற்கான எழுத்துப் பிரதியைக் கையாலேயே திருத்தினேன். படத்தில் கை வைக்கவில்லை.

கிழிசல் ஒட்டுவதற்குப் பசை. நம் ஊரில் போஸ்டர் ஒட்ட மைதா காய்ச்சுவார்கள், பைண்டர்கள் பூச்சி வராமலிருக்க அதில் மயில்துத்தம் போடுவார்கள். மயில்துத்தம் பூச்சியையும் கொல்லும், போகப்போகக் காகிதத்தையும் கெடுக்கும், ஆகவே வேண்டாம். நான் பயன்படுத்துவது சுத்தமான கோதுமை ஸ்டார்ச், அதாவது கோதுமையில் புரதத்தை நீக்கிய பிறகு மிஞ்சும் வெள்ளை. ஒரு பங்கு மாவுக்கு நாலு பங்கு தண்ணீர், கொஞ்ச நேரம் ஊறவிட்டு, அடுப்பைச் சிறு தீயில் வைத்து அரைமணி நேரம் கை நிறுத்தாமல் கிண்ட வேண்டும். பால் மாதிரி இருந்தது முதலில் கட்டியாகும், அப்புறம் கண்ணாடி மாதிரி ஆகும், கரண்டியில் இருந்து ஒரே நாடாவாக இறங்கும். அது பதம். ஆறவைத்து, சல்லடையில் இரண்டு தடவை தேய்த்து வடித்து, தண்ணீர் விட்டு மோர்ப் பதத்துக்கு இளக்கிக்கொள்வேன். திருநெல்வேலிக்காரனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம். அல்வாவுக்குக் கோதுமைப் பால் எடுத்துக் கிண்டுகிற அதே வேலை, சீனியும் நெய்யும் இல்லை, அவ்வளவுதான். அடி பிடித்த சட்டியைத் தேய்க்கும் தண்டனையும் அதே.

ஒட்டுவதற்கு ஜப்பானிய மல்பெரி நார்த்தாள், வெங்காயத் தோலைவிட மெல்லியது. கத்தரியால் வெட்டக் கூடாது. தண்ணீர் தொட்ட தூரிகையால் கோடு இழுத்து, அந்த ஈரக்கோட்டில் பிய்த்தால் ஓரத்தில் நார் பஞ்சாக விரியும். அந்தப் பஞ்சு ஓரம்தான் கிழிந்த காகிதத்தோடு கலந்து தெரியாமல் போகும். பசை தொட்டு வைத்து, மேலும் கீழும் ஒட்டாத பாலியஸ்டர் துணி, அதன் மேல் மையொற்றுத் தாள், அதன் மேல் கனமான ஏதாவது. என்னிடம் கனமானது இட்லிப் பாத்திரமும் இரண்டு பாக அகராதியும். ஓர் இரவு இருந்தால் போதும். ஸ்டென்சில் இதழ்களில் பின் இருந்த ஓட்டைகள், உதிர்ந்த மூலைகள், முதுகில் ஓடிய கிழிசல்கள் எல்லாவற்றையும் இப்படித்தான் கட்டினேன். ஸ்டென்சில் மை எண்ணெயும் கரியும் சேர்ந்தது. பசையின் ஈரம் பட்டாலும் அசையாது.

அந்தத் தைரியத்தில்தான் ஊதா இதழில் கை வைத்தேன்.

இரண்டாம் இதழின் அட்டையில் ஒரு டிராகன், கையால் வரைந்தது. வால் நுனியில் ஒரு சின்னக் கிழிசல். பசை தொட்ட தாளை வைத்து அழுத்தினேன். பத்து விநாடியில் வாலைச் சுற்றி ஊதா மேகம். ஸ்பிரிட் டூப்ளிகேட்டரின் நிறமே ஒரு சாயம். மூலத்தாளில் கெட்டியாக இருக்கும் சாயத்தை ஸ்பிரிட் கொஞ்சங்கொஞ்சமாகக் கரைத்துக் காகிதத்தில் விடுவதுதான் அந்த எந்திரத்தின் மொத்தத் தத்துவமும். ஸ்பிரிட்டில் கரையும் அந்தச் சாயம் தண்ணீரிலும் கரையும். இது எனக்குத் தெரியும். ஒரு மூலையில் நுனித் தூரிகையால் தண்ணீர் தொட்டு, மையொற்றுத் தாளை அழுத்திப் பார்த்திருந்தால் போதும், ஒரு நிமிஷ வேலை. பார்க்கவில்லை. ஒற்றி எடுத்தேன், மேலும் பரவியது. அப்படியே நிறுத்திவிட்டேன். டிராகன் வால் இப்போது புகைகிறது.

பெரியவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அந்த வாரம் நான் செய்ததில் இதுதான் கடினமான வேலை. வெகுநேரம் பார்த்துவிட்டு, அதை வரைந்தவனுக்கு வால் வரைய வராது, இப்போது தேவலை என்றார்.

ஊதா இதழ்களை அதன் பிறகு ஒட்டவே இல்லை. தாள் தாளாகத் தெளிவான பாலியஸ்டர் உறையில் போட்டு, ஒளி புகாத அட்டைப்பெட்டியில் வைத்தேன். அந்தச் சாயத்துக்கு வெளிச்சமும் எமன். ஸ்கேனர் வெளிச்சம்கூட ஒரே தடவைதான் என்று வைத்துக்கொண்டேன். ஆனால் ஸ்கேனில் ஒரு நல்ல செய்தி இருந்தது. வண்ணப் படத்தைச் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்றாகப் பிரித்துப் பார்த்தபோது, பச்சைத் தட்டில் மட்டும் எழுத்து திடமாக எழுந்து நின்றது. ஊதா பச்சையைத்தான் விழுங்குகிறது, அதனால் அங்கே கறுப்பாகத் தெரிகிறது. நேரில் கண்ணுக்குத் தட்டுப்படாத மூன்று பக்கங்கள் அப்படித்தான் கிடைத்தன. ஒரு குள்ளன் கிணற்றில் விழுந்து, அவனைத் தூக்க கயிறு யாரிடமும் இல்லாமல் மொத்தக் கூட்டமும் இரண்டு வாரம் சண்டை போட்ட ஆட்டத்தின் பதிவு அது. பெரியவர் அந்தக் குள்ளனாக ஆடியவரை உடனே தொலைபேசியில் அழைத்து, கயிறு உன் பையில் இருந்திருக்கிறது, எழுத்தில் இருக்கிறது என்று நாற்பது வருஷ வழக்கை முடித்துவைத்தார்.

வாசகர் கடிதப் பகுதிக்கு இவர்கள் ஒரு பழக்கம் வைத்திருந்தார்கள். அறிவியல் புனைகதை ரசிகர் பத்திரிகைகளில் இருந்து வந்தது. கடிதத்துக்கு நடுவிலேயே ஆசிரியர் இரட்டை அடைப்புக்குறி போட்டுக் குறுக்கே பேசுவார். டைப்ரைட்டரில் சாய்வெழுத்து கிடையாதே. மனப்பாடம் செய்த ஒரு மந்திரத்தை மந்திரவாதி ஒரு தடவைதான் சொல்லலாம் என்பது விதி, அது அநியாயம், புள்ளிக் கணக்கு வைத்து, புள்ளி தீரும்வரை சொல்ல விடலாம் என்று ஒருவர் ஒன்பதாம் இதழில் இரண்டு பக்கம் எழுத, ஆசிரியர் பதினோரு இடத்தில் குறுக்கே புகுந்திருக்கிறார். படிக்கவே மூச்சு வாங்குகிறது. நம் வீட்டுக் கல்யாணப் பேச்சு மாதிரி.

ஆறாம் இதழின் நடுப்பக்கத்தில் ஒரு நிலவறை வரைபடம், பன்னிரண்டு அறைகள். ஸ்டென்சிலில் படம் வரைவது அடிப்பதைவிடக் கஷ்டம். எழுத்தாணி மாதிரி ஒரு கம்பியால் கீற வேண்டும், கோடும் கோடும் வெட்டும் இடத்தில் தாள் கிழியும். கிழிந்ததை ஃப்ளூயிடால் அடைத்திருக்கிறார்கள். அந்த அடைப்பில் ஒன்பதாம் அறையின் கதவு மறைந்துவிட்டது. குறிப்பில் கதவு உண்டு, படத்தில் வெறும் சுவர். நான் உதவி செய்கிற நினைப்பில் பக்கத்து அறைக் கதவை நகலெடுத்து அங்கே பொருத்திவிட்டேன், கணினியில். கச்சிதமாக வந்தது, கண்டுபிடிக்கவே முடியாது. அப்புறம் ஏழாம் இதழை ஸ்கேன் செய்தால், அதில் அரைப்பக்கம் மன்னிப்பு. படத்தைப் பார்த்து ஆடிய வேறு ஊர்க் கழகம் ஒன்று, கதவே இல்லாத அந்த அறைக்குள் போக, சுவரைக் குடைய மூன்று மாலை செலவழித்து, கூரை சரிந்து இரண்டு பேரைப் பறிகொடுத்து, ஆசிரியருக்குக் கொதித்து எழுதியிருக்கிறது. பத்தாம் இதழ் வரைக்கும் இந்தச் சண்டைதான் ஓடுகிறது. என் கதவை எடுத்துவிட்டேன்.

மற்றவை சுருக்கமாக. பழைய செலோடேப் ஒட்டிய இடங்கள் நாலு. டேப் தானாக உதிர்ந்துவிட்டது, பசையை மட்டும் கிரேப் ரப்பரால் உருட்டி உருட்டி எடுத்தேன், மஞ்சள் கறை போகாது, போகவில்லை. கட்டுவதற்கு மறுபடி இரும்புப் பின் போடவில்லை. பழைய பின் துளைகள் வழியாகவே மெழுகு தேய்த்த லினன் நூலைக் கோத்து, பின்பக்கம் முடிச்சுப் போட்டேன். புது ஓட்டை ஒன்றுகூடப் போடவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. பிரதிகளில் ஒரு விஷயம் மட்டும் மாற்றினேன். அந்தக் காலத்துப் பத்திரிகையில் எழுதியவர் பெயருக்குக் கீழே வீட்டு விலாசமும் தொலைபேசி எண்ணும் சர்வ சாதாரணம். அந்த வீடுகளில் இன்றைக்கும் யாராவது குடியிருப்பார்கள். நண்பர்களுக்குக் கொடுக்கும் பிடிஎஃப்பில் விலாசங்களை மறைத்தேன், மூலக் கோப்பில் விட்டுவைத்தேன்.

மிச்சமிருந்தது ஐந்தாம் இதழின் கடைசித் தாள். நடுவில் சதுரமாக ஒரு பெரிய ஜன்னல், கத்தரியால் வெட்டி எடுத்தது. ஜன்னலுக்கு மேலே இருந்த வரிகளில் விஷயம் இருந்தது. இருபது முகப் பகடை அப்போது கிடைப்பது அரிது. 1979 வாக்கில் டிஎஸ்ஆர் நிறுவனமே பகடைக்குத் தட்டுப்பாடு வந்து, தன் பெட்டியில் எண் அச்சிட்ட அட்டைச் சதுரங்களை வைத்து விற்றது. கிண்ணத்தில் போட்டுக் குலுக்கி ஒன்றை எடுத்தால் அதுதான் விழுந்த எண். அதையே இவர்களும் செய்திருக்கிறார்கள். ஒன்று முதல் இருபது வரை சதுரங்களை அச்சடித்து, வெட்டி அட்டையில் ஒட்டிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். இந்தப் பிரதியின் சொந்தக்காரர் சொன்னபடி கேட்டிருக்கிறார். ஜன்னலை நார்த்தாளால் மூடி, பலம் கொடுத்துக் கட்டுவதாக இருந்தேன்.

மார்ச் மாதக் கடைசியில் பெரியவர் ஒரு கறுப்புப் பிலிம் டப்பியோடு வந்தார். கார் கொட்டகையில், பெயின்ட் டின்களுக்குப் பின்னால் இருந்ததாம். உள்ளே அட்டையில் ஒட்டிய சதுரங்கள், பத்தொன்பது. ஒன்றாம் எண் மட்டும் காணோம். மூன்று தடவை தொடர்ந்து அதுவே வந்த கடுப்பில் யாரோ அதை மென்று துப்பியதாகக் கேள்வி. எல்லாச் சதுரமும் ஈரத்தில் வளைந்திருந்தன. தட்டையாக்கித் தருகிறேன் என்று மேசையில் மையொற்றுத் தாளை விரித்தேன்.

பெரியவர் சதுரங்களைத் திரும்ப டப்பியில் போட்டுக் குலுக்கினார். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு இரண்டு விரலை உள்ளே விட்டார். ஒரு கணம் துழாவினார். வெளியே வந்தது இருபது. மறுபடி போட்டார், குலுக்கினார், எடுத்தார், இருபது. சதுரத்தை என் உள்ளங்கையில் வைத்தார். ஒரு மூலை மட்டும் நகத்தால் அழுத்தி மடித்ததுபோல் லேசாக மேலே தூக்கிக்கொண்டிருந்தது.

யார் மடித்தது என்று கேட்டேன். அவர் மையொற்றுத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மற்ற பதினெட்டையும் தட்டையாக்கினேன்.